கைக்கேற்ற கதிர்

அக்டோபர் 2

கச்சான் காற்று அடங்கிவிட்டது. எங்கள் புதுமடத்துக் கடல் இன்று குளம்போலக் கிடந்தது. வள்ளங்கள் எல்லாம் தொழிலுக்கு இறங்கியதால் பட்டறையில் பழுது வேலை ஒன்றும் இல்லை. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்த தக்களியை இன்றுதான் கையில் எடுத்தேன். அவர் கருங்கண்ணிப் பருத்தியை வீட்டிலேயே கொட்டை நீக்கி, திரி போட்டு நூற்பவர். "ராட்டை முன்னால உட்கார இடுப்பு விடமாட்டேங்குது தம்பி. கடையில வாங்குன தக்களி கம்பி வழுக்குது, பெருவிரல்ல வலுவும் இல்ல. மரத்துல கடைஞ்சு குடுங்க" என்றார்.

கட்டில் கால், தொட்டில் கம்பு, உலக்கைப் பூண் மாட்டும் முனை எல்லாம் கடைசல் பிடித்திருக்கிறேன். நூற்கும் கருவி இதுதான் முதல். வெளிநாட்டுப் படம் ஒன்றைப் பார்த்துப் பூவரசில் அறுபது மில்லிமீட்டர் வட்டு கடைந்து தண்டு செருகினேன். பார்வைக்கு அழகாக வந்தது. எடை 38 கிராம்.

அக்டோபர் 4

அழகு மட்டும்தான். வாங்கி வைத்திருந்த பஞ்சுத் திரியில் நூல் இழுத்துத் தக்களியைத் தொங்கவிட்டேன். மூன்று சுற்று சுற்றியதும் நூல் அறுந்து வட்டு தரையில் விழுந்தது. பத்துத் தடவை அப்படியே.

காரணம் மாலையில்தான் உறைத்தது. படத்தில் பார்த்தது ஆட்டு மயிர் நூற்பவர்களின் கதிர். அந்த மயிர் விரல் நீளம் இருக்கும். கொஞ்சம் முறுக்கு ஏறினாலே எடையைத் தாங்கும். கருங்கண்ணி இழை ஒரு அங்குலத்துக்கும் குறைவு. முறுக்கு நிறைய ஏறும்வரை அது நூலே இல்லை, வெறும் பஞ்சு. அதன் நுனியில் 38 கிராமைத் தொங்கவிட்டது என் பிழை. நூற்பவரைக் கேட்காமல், பஞ்சையும் கேட்காமல், படத்தைக் கேட்டுக் கடைந்திருக்கிறேன்.

அக்டோபர் 5

அடுத்த தெரு அப்பத்தா வெயில் சாயும் நேரத்தில் பட்டறைத் திண்ணையில் வந்து உட்காருவார். தரையில் கிடந்த தக்களியை எடுத்துப் பார்த்தார்.

"இது என்னப்பு, பம்பரமா?"

சொன்னேன். சிரிக்கவில்லை. கையில் தூக்கி எடை பார்த்தார். "எங்கய்யா வலைநூலு முறுக்குறதுக்கு வச்சிருந்தாரு. இம்புட்டு வட்டு இல்ல. தண்டு நீளம். விரலால யாரு சுத்துனா? தொடையில வச்சு ஒரு உருட்டு. அது பாட்டுக்கு நிண்டு ஆடும்."

நைலான் வருவதற்கு முன்னால் இந்தக் கரையில் வலை என்றால் பருத்தி நூலும் சணல் நூலும்தான். நூற்று, முறுக்கி, முடிந்து, உப்புத்தண்ணீரில் இற்றுப்போகாமல் இருக்கப் பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறவைத்துக் காயப்போட்ட காலம். வலை முடிய வலைஊசி, கண் அளவுக்கு ஒரு கோல், நூலுக்கு ஒரு கதிர் என்று மரச்சாமான் வீட்டுக்கு வீடு இருந்ததாம். 1960களில் நைலான் பரவியதும் அத்தனையும் ஓய்ந்தன.

"அந்தக் கதிரு இப்ப இருக்கா அப்பத்தா?"

"எங்கிட்டு இருக்கு? கோழி அடிச்ச அன்னிக்கி வெறகு பத்தலன்னு அடுப்புல வச்சேன்."

அக்டோபர் 7

இரவெல்லாம் அந்த "ஒரு உருட்டு" தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. காலையில் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்தேன்.

இருபதாம் நம்பர் நூல் என்றால் 840 கெஜச் சிட்டம் இருபது சேர்ந்து ஒரு பவுண்டு எடை. அந்த நூலுக்கு அங்குலத்துக்கு ஏறக்குறைய 18 முறுக்கு வேண்டும். ஒரு கெஜத்துக்கு 640க்கு மேல் வருகிறது. இத்தனை சுற்றும் கையிலிருந்துதான் புறப்பட வேண்டும். ஐந்து மில்லிமீட்டர் தண்டைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஐந்து சென்டிமீட்டர் தேய்த்துவிட்டால் மூன்று சுற்று. தண்டு பத்து மில்லிமீட்டராகத் தடித்தால் ஒன்றரைச் சுற்றுதான். அதனால்தான் தக்களிக்கு மெல்லிய கம்பி வைக்கிறார்கள். ஆனால் மெல்லிய கம்பியைப் பிடிக்கத்தான் அக்காவின் விரலில் வலு இல்லை.

தொடையில் உருட்டினால் உள்ளங்கை இருபது சென்டிமீட்டர் ஓடும். எட்டு மில்லிமீட்டர் தண்டுக்கு எட்டுச் சுற்று. பிடிக்கச் சுகமான தடிமனும் கிடைக்கிறது, சுற்றும் கூடுகிறது. எழுதிப் பார்த்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்பத்தாவின் அய்யா எதையும் எழுதிப் பார்த்திருக்க மாட்டார்.

எடைக்கும் வழி உண்டு. நூலில் தொங்கவிடாமல், முனையை ஒரு சிரட்டைக்குள் ஊன்றிச் சுழலவிட்டால் பாரம் சிரட்டைக்குப் போய்விடும். டாக்கா மஸ்லினுக்கு நூற்ற பெண்களும் கதிரின் முனையைச் சிப்பித் துண்டில் ஊன்றித்தான் நூற்றார்கள். பஞ்சு இழை உதிராமல் ஒட்டும் என்று ஈரக் காற்றுள்ள காலை நேரத்தில்.

அக்டோபர் 8

தண்டுக்குப் பனை வைரம். வாளால் அறுக்காமல் பிளந்து எடுத்தேன். பிளந்தால் நார் முனைக்கு முனை ஒரே ஓட்டமாக வரும், பிறகு வளையாது. ஆனால் பனையில் சிலாம்பு எழும்பும். ஒரு சிலாம்பு போதும், பஞ்சைக் கொத்தாகப் பிடித்து இழுத்துவிடும். உப்புத்தாள் மூன்று தரம் போட்டு, கடைசியில் சன்னபட்டணத்துக் கடைசல்காரர்கள் அரக்குக்குச் செய்வதுபோலத் தாழை ஓலையால் அழுத்தித் தேய்த்தேன். தாழை நம் கரையிலேயே கிடைக்கிறது.

வட்டு பூவரசு, நாற்பது மில்லிமீட்டர் அகலம், பத்து கனம். விளிம்பைக் கனமாக விட்டு நடுவைக் குடைந்தேன். ஓரத்தில் இருக்கும் எடைதான் சுழற்சியை நீட்டிக்கும். சுழலவிட்டு ஓரத்தில் கரித்துண்டைப் பிடித்தால் பிதுங்கிய பக்கம் மட்டும் கறுக்கும். அங்கே ஒரு சீவல். நான்காவது சீவலில் ஆட்டம் நின்றது.

மொத்தம் 17 கிராம்.

அக்டோபர் 12

வேலை இல்லாத நாள். கதிரின் பழங்கதையை அசைபோட்டுக்கொண்டிருந்தேன். எங்களுக்கு வடக்கே அழகன்குளம். வைகை கடல் சேரும் பக்கம். 1986 முதல் தொல்லியல் துறை தோண்டிய மண். அதே வைகைக் கரையில் மேலே போனால் கீழடி. அங்கே கிடைத்த சுடுமண் தக்களி வட்டுகளை அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்திருக்கிறேன். உள்ளங்கையில் அடங்குபவை. தண்டு மரமாக இருந்திருக்கும், மக்கிப்போயிற்று. கடைசல்காரனுக்கு அது செருகியிருந்த வட்டின் துளைதான் கண்ணில் நிற்கிறது.

காந்தியின் காலத்தில், 1929இல், நல்ல ராட்டைக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தார்கள். எட்டு மணி நேரத்தில் 16,000 அடி நூல், விலை 150 ரூபாய்க்குள். ஒரு பெண் அயராமல் எட்டு மணி நேரம் இயக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. எனக்கு அந்த நிபந்தனைதான் பெரிது. பரிசை யாரும் வாங்கவில்லை. விடுதலைக்குப் பிறகு நெல்லைச் சீமையின் பாப்பான்குளத்து ஏகாம்பரநாதன் செய்த ராட்டைதான் அவர் பெயராலேயே அம்பர் சர்க்கா என்று நாடெங்கும் போனது.

நூல் செய்யப்படும் விதத்தைச் சொல்லவந்த நன்னூல், புலவனை நூற்கும் பெண்ணுக்கும் அவன் அறிவைக் கதிருக்கும் ஒப்பிடுகிறது. கதிருக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேறென்ன?

அக்டோபர் 19

அனுப்பிய தக்களியில் நூற்றுப் பார்த்துவிட்டு அக்கா பேசினார். முதல் நாள் நூல் அறுந்துகொண்டே இருந்ததாம். மூன்றாம் நாளில் கை பழகிவிட்டதாம். "விரல் வலிக்கல தம்பி. ஆனா தண்டு ரெண்டு விரற்கடை குறையணும், நான் குட்டை." திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவர் கால் நீளத்தையும் நான் கேட்டிருக்க வேண்டும்.

அப்பத்தா அய்யாவின் கதிர் அடுப்புக்குப் போகாமல் இருந்திருந்தால் முதல் நாளே வழி தெரிந்திருக்கும். இதைப் படிக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் வீட்டுப் பரணில் தக்களியோ கதிரோ வலைஊசியோ கிடந்தால் எரித்துவிடாதீர்கள். நீளம், தடிமன், எடை மூன்றையும் குறித்து, அதை யார் கை பிடித்தது என்பதையும் எழுதி வையுங்கள். ஊரில் கடைசல்காரர் ஒருவர் மிஞ்சியிருந்தால் கொண்டுபோய்க் காட்டுங்கள்.