பன்னிரண்டு சொட்டு ரத்தம்

சுகர் பார்க்கும் மெஷினுக்குள் ஓடும் மென்பொருளை எழுதுவது என் வேலை. விரலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தம் ஸ்ட்ரிப்பில் பட்டதும், அதிலிருக்கும் நொதி குளுக்கோஸோடு வினைபுரிகிறது. அப்போது உண்டாகும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அளந்து, எண்ணாக மாற்றித் திரையில் காட்ட வேண்டும். சில நொடி வேலைதான். திரையில் 132 என்று வந்தால் வீட்டிலிருப்பவர்கள் 132 என்றே நம்புவார்கள். அந்த எண்ணைச் சுற்றி ஒரு மங்கல் இருப்பதைக் கவலையோடு நினைத்துக்கொண்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

சில வருடங்களுக்கு முன், வேறொரு கம்பெனியில் இருந்தபோது, புதிய ஸ்ட்ரிப் பேட்ச் ஒன்று வந்தது. 12 ரத்த சாம்பிள்களைப் பழைய ஸ்ட்ரிப்பிலும் புதியதிலும் அளந்தோம். புதியது சராசரியாக 4 மில்லிகிராம் கூடுதலாகக் காட்டியது. டி-டெஸ்ட் போட்டதில் பி-மதிப்பு 0.21. வழக்கமான எல்லை 0.05. மீட்டிங்கில் ஸ்லைடு போட்டவர், "வித்தியாசம் இல்ல, ரிலீஸ் பண்ணலாம்" என்றார். லேபில் பல வருடம் வேலை பார்த்த ஓர் அக்கா மட்டும் கையைத் தூக்கினார். "வித்தியாசம் இல்லன்னு டெஸ்ட் சொல்லல சார். பன்னெண்டு சாம்பிள்ல நம்மளால கண்டுபிடிக்க முடியலன்னுதான் சொல்லுது."

அவர் சொன்னது சரி. கருதுகோள் சோதனை கேட்கும் கேள்வி ரொம்பக் குறுகலானது: இரண்டு ஸ்ட்ரிப்பும் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டால், வெறும் தற்செயலால் இவ்வளவோ இதைவிட அதிகமோ வித்தியாசம் தெரிய எவ்வளவு வாய்ப்பு? 100-க்கு 21 என்றது பதில். இதிலிருந்து "இரண்டும் ஒன்றுதான்" என்ற முடிவுக்குப் போக வழியே இல்லை. கரண்ட் போன வீட்டில் போன் வெளிச்சத்தில் தோட்டுத் திருகாணியைத் தேடுகிறீர்கள். கிடைக்கவில்லை. திருகாணி வீட்டிலேயே இல்லை என்று சத்தியம் செய்வீர்களா? 12 சாம்பிள் என்பது அந்த போன் வெளிச்சம்தான்.

அதே தரவில் நம்பிக்கை இடைவெளியைக் கணக்கிட்டால் கதை வேறு மாதிரி தெரிகிறது. 95 சதவீத இடைவெளி -2.6-லிருந்து 10.6 வரை. பூஜ்ஜியம் உள்ளே இருக்கிறது; 10-ம் உள்ளே இருக்கிறது. ஸ்லைடு போட்டவர் பூஜ்ஜியத்தை மட்டும் பார்த்தார்.

இந்த 95 சதவீதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. திருவிழாவில் வளையம் எறிகிற கடை ஞாபகமிருக்கும். குச்சி நட்ட இடத்தில் அப்படியே நிற்கிறது. நம் வளையம்தான் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழுகிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு எறிந்தாலும் 100-க்கு 95 முறை குச்சியில் விழும்படி ஒரு கை பழகியிருந்தால், அந்தத் திறமைக்குப் பெயர்தான் 95. இப்போது எறிந்த இந்த வளையம் விழுந்ததா இல்லையா என்பது எறிந்தவருக்குத் தெரியாது.

10 மில்லிகிராம் பெரிய விஷயமா? 180-ஐ 190 என்று காட்டினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் 70-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. இரவு இன்சுலின் போட்டுக்கொண்ட ஒருவருக்கு உண்மையில் 66 இருக்க, மெஷின் 76 என்று காட்டினால், அவர் சர்க்கரையை வாயில் போடாமல் படுத்துவிடலாம். 2013-ஆம் ஆண்டின் ஐஎஸ்ஓ 15197 தரநிலை, 100-க்குக் கீழே உள்ள அளவுகளில் குறைந்தது 95 சதவீதம், லேப் முடிவிலிருந்து 15 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. ஒரு பேட்ச் மொத்தமாக 10 மேலே நகர்ந்தால், அந்த 15-ல் மூன்றில் இரண்டு பங்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

நாங்கள் போட்ட டி-டெஸ்ட்டே ஒரு தொழிற்சாலையின் தரக் கவலையிலிருந்து பிறந்ததுதான். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் 1899-ல் சேர்ந்த வில்லியம் காசெட்டுக்கு பார்லியையும் ஹாப்ஸையும் ஒப்பிட வேண்டியிருந்தது. கையில் இருந்தவை சிறிய சாம்பிள்கள். அவற்றை வைத்து எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கணக்கை 1908-ல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். 1933-ல் நெய்மனும் ஈகன் பியர்சனும் இரண்டு வகைத் தவறுகளையும் எடைபோட்டு முடிவெடுக்கும் முறையைக் கொடுத்தார்கள்: இல்லாத வித்தியாசத்தை இருக்கிறது என்பது ஒன்று, இருப்பதைத் தவறவிடுவது இன்னொன்று. 1937-ல் நெய்மன் நம்பிக்கை இடைவெளிக்கு முறையான கோட்பாடு தந்தார். நம் கல்லூரிகளில் 0.05 மட்டும் மனப்பாடமாகி, இரண்டாவது தவறு பரீட்சையோடு மறந்துபோகிறது.

அக்கா விடவில்லை. 48 சாம்பிள் எடுத்தோம். சாம்பிள் நான்கு மடங்கானால் இடைவெளி ஏறக்குறைய பாதியாகச் சுருங்கும். இந்த முறை வந்தது 2-லிருந்து 8 வரை. பூஜ்ஜியம் வெளியே போய்விட்டது. அந்த பேட்சுக்கான அளவுத்திருத்தத்தை மாற்றி, மறுபடி சோதித்து அனுப்பப் பத்து நாள் தாமதம். அக்காவுக்கு யாரும் நன்றி சொன்னதாக நினைவில்லை. டெலிவரி தள்ளிப்போனதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 10,000 சாம்பிள் எடுத்தால் அரை மில்லிகிராம் வித்தியாசம்கூட 0.05-ஐத் தாண்டி 'முக்கியம்' ஆகிவிடும். யாருக்கும் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஆகவே பி-மதிப்பைத் தொடுவதற்கு முன்பே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: எத்தனை மில்லிகிராம் வரை தாங்கலாம்? 5 என்றால், இடைவெளி முழுவதும் -5-க்கும் 5-க்கும் நடுவே அடங்கினால்தான் "வித்தியாசம் இல்லை" என்று எழுதலாம். அந்த 5-ஐ எந்த ஃபார்முலாவும் தராது. இன்சுலின் போட்டுக்கொண்டு தூங்கப் போகிறவரை மனதில் வைத்து, டெஸ்ட் தொடங்கும் முன்பே ஒருவர் அதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இப்போதெல்லாம் மீட்டிங்கில் நான் முதலில் தேடுவது அந்தக் கையெழுத்தைத்தான்.