மணலில் எழுதிய மாணவர்

தரங்கம்பாடியில் ஒரு வீடு. தரையிலே மணல் பரப்பப்பட்டிருக்கிறது. சிறுவர்கள் அமர்ந்து, ஆள்காட்டி விரலால் அகரமும் ஆகாரமும் வரைந்து பழகுகின்றனர். அவர்களுக்கிடையே இருபத்து நான்கு வயது ஐரோப்பியர் ஒருவரும் அமர்ந்து, அதே மணலில் அதே எழுத்துகளை எழுதுகிறார். பாடம் சொல்பவர் எழுபது வயது முதிர்ந்த தமிழ் வாத்தியார். ஆண்டு 1706.

அந்த இளைஞரின் பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. ஜெர்மானிய நாட்டின் புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் 1682-இல் பிறந்தவர், இளமையிலேயே தாய் தந்தையரை இழந்தவர், நலிந்த உடலினர். டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் கிறித்துவ சமயப் பணிக்கு ஆள் தேடியபோது இசைந்து, தோழர் புளுட்சோவுடன் கப்பலேறினார். ஏழு திங்களுக்கு மேல் கடலில் கழித்து, 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தார். வணிகத்திற்கு இவர்களால் இடையூறு நேரும் எனக் கருதிய டேனியக் கம்பெனியார் முகங்கொடுத்துப் பேசவில்லை. தங்க இடமின்றித் தெருவில் நின்றவர்கள் மீது இரங்கி, இறுதியில் ஒருவர் அடைக்கலம் தந்தார்.

சொந்த நிறத்தார் வரவேற்கவில்லை. மண்ணின் மைந்தரோடு பேச மொழியில்லை. ஆகவே, போதிக்க வந்தவர் முதலில் மாணாக்கரானார். வாத்தியாரையும் அவர்தம் பள்ளிப் பிள்ளைகளையும் தம் இல்லத்திற்கே வரவழைத்துக்கொண்டார். ஆனால் ஒரு சிக்கல். வாத்தியாருக்குப் போர்த்துக்கீசியம் தெரியாது. மாணவருக்குத் தமிழ் தெரியாது. எழுத்து வந்தது, பொருள் வரவில்லை! வகுப்பறையில் இவ்விடரைக் காணாத ஆசிரியர் எவரும் இரார்.

பொருள் சொல்ல வந்தவர் அழகப்பன். முன்பு கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ஐரோப்பிய மொழிகள் சிலவற்றை அறிந்தவர். அவரோடு நாள்தோறும் உரையாடியே சீகன்பால்கு தமிழ் பேசக் கற்றார். பின்னர் புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் அருகிருக்க, காலைப்பொழுது முழுவதும் ஏடுகளைப் படித்தார். ஊர் ஊராக ஆளனுப்பிச் சுவடிகளை விலைக்கு வாங்கினார். 1708-இல் அவர் தொகுத்த பட்டியலில் 119 தமிழ் நூல்களைப் பற்றிய குறிப்புகள் உள்ளன; திருக்குறளும் தொல்காப்பியமும் அவற்றுள் அடங்கும். அதே ஆண்டில் கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகியவற்றை ஜெர்மானிய மொழியில் பெயர்த்தார். மணலில் எழுதிய பிள்ளைகளின் வாய்ப்பாடம் இவ்வாறு கடல் கடந்தது.

இம்மக்களை நாகரிகம் அற்றவர்கள் என்று தாமும் முன்பு எண்ணியதாகவும், அவர்தம் நூல்களைப் படித்த பின்னரே அத்தவறு நீங்கியதாகவும் சீகன்பால்கு வெளிப்படையாக எழுதியிருக்கிறார். பிழையை ஒப்புக்கொள்ளும் துணிவு கற்றோர் எல்லாரிடமும் அமைவதில்லை. எனினும் அவர் குறையே இல்லாதவர் என்று சொல்வதற்கில்லை. ஊர்க்கோயில் ஒன்றின் மண் உருவங்களைத் தம் கையால் உடைத்ததையும் அவரே எழுதி வைத்துள்ளார். அன்பும் ஆணவமும் ஒரே நெஞ்சில் குடியிருந்தன போலும்!

அந்நட்பிற்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. டேனிய ஆளுநர் சீகன்பால்கை 1708-இன் இறுதியில் சிறையிலிட்டார். நான்கு திங்கள் அவர் அங்கிருந்தார். இதனைப் பல நூல்கள் விரிவாகக் கூறும். அழகப்பனோ ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. தம்மவர் சமயச் செய்திகளை அயலாருக்கு வெளியிட்டார் என்ற குற்றச்சாட்டில் தஞ்சையில் விலங்கும் பூண்டார். அவர் கிறித்துவராகவும் மாறியதில்லை. பாதிரியாருக்கு ஆறுதல் சொல்ல ஒரு திருச்சபை இருந்தது. அழகப்பனுக்கு யார் இருந்தார்? முதிய வாத்தியாரின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அவர் மகன் கணபதி, கவிபாட வல்ல இளைஞர், பெற்றோர் தடுத்தும் 1709-இல் திருமுழுக்குப் பெற்றார். தம் வகுப்பில் அமர்ந்த மாணவரிடமே மகனைப் பறிகொடுத்ததாக அத்தந்தை எண்ணியிருந்தால், அவரைக் குறை கூற யாரால் இயலும்?

ஆயினும் பேச்சு நிற்கவில்லை. சமயம், ஒழுக்கம், கல்வி, திருமணம் ஆகியன குறித்து அனுப்பப்பட்ட கேள்விகளுக்குத் தமிழர்கள் எழுதிய விடைகள் ஜெர்மானிய மொழியில் 99 மடல்களாக வெளிவந்தன. அவற்றுள் பணிவுரைகள் மட்டும் இல்லை. ஐரோப்பியர் குடித்துத் திரிவதையும் தூய்மை பேணாமையையும் அவர்கள் தயக்கமின்றிச் சுட்டிக்காட்டினர். அவற்றைத் தம் நாட்டாருக்குச் சீகன்பால்கு அனுப்பிவைத்தார். தென்னாட்டுக் கடவுளரைப் பற்றி 1713-இல் அவர் எழுதிய நூலைக் கண்ட ஹாலே நகரத்துப் பெரியவர்கள், அச்சமயத்தை ஒழிக்கச் சென்றவர் அதனை ஐரோப்பாவில் பரப்புவதா என்று சினந்தனர். அந்நூல் அவர் காலத்தில் அச்சேறவில்லை.

1714-இல் தாயகம் புறப்பட்டபோது அவருடன் கப்பலேறியவர் மலையப்பன் என்னும் தமிழ் இளைஞர். நெடுங்கடற்பயணத்தில் அவ்விருவரும் தமிழில் பேசிக்கொண்டே சென்றனர். 1716-இல் ஹாலேயில் சீகன்பால்கின் தமிழ் இலக்கணம் அச்சாயிற்று. மூன்றாண்டுகள் கழித்து, 1719 பிப்ரவரி 23-ஆம் நாள், முப்பத்தாறாம் வயதில் அவர் தரங்கம்பாடியில் காலமானார். முந்திய ஆண்டில் தாமே எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்தில், தமிழ் கற்ற அதே ஊரின் மண்ணில், அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.