கல்லணைச் சாலையில் சைக்கிள் யாத்திரை

சைக்கிளில் யாத்திரை புறப்பட விரும்பும் அன்பர்கள், "எந்த வண்டி வாங்கலாம்?" என்று நம்மைக் கேட்பதுண்டு. இதற்கு விடை கடைத்தெருவில் இல்லை, சாலையில்தான் இருக்கிறது என்பதைச் சென்ற தை மாதத்தில் தெரிந்துகொண்டோம். திருச்சியிலிருந்து கல்லணை வழியாகத் திருவையாற்றுக்கு நாமும் நண்பர் ஒருவரும் புறப்பட்டிருந்தோம்.

நம்முடையது பழைய மாதிரிக் கறுப்பு வண்டி, 28 அங்குலச் சக்கரம், எஃகுப் பிரேம். நண்பருடையதோ புத்தம் புதியது. எடை குறைந்த அலுமினியப் பிரேம், மெல்லிய டயர். அவர் முன்னே பறந்தார். நாம் மூச்சு வாங்கப் பின்தொடர்ந்தோம். கரிகாலன் பெயரால் போற்றப்படும் அந்த அணையருகே காத்திருந்த அவர், "உங்கள் வண்டியைக் காட்சிச்சாலைக்கு அனுப்பிவிடலாம், ஸார்!" என்று பரிகாசம் செய்தார்.

திருக்காட்டுப்பள்ளியை நெருங்குகையில், சாலையில் உலர்த்தியிருந்த வைக்கோலுக்குள் மறைந்துகிடந்த கூர்ங்கல் ஒன்று அவருடைய டயரைக் கிழித்துவிட்டது. சைக்கிள் கடைக்காரர் உடனே 28 அங்குல டயர் ஒன்றைக் கொண்டுவந்தார். என்ன விந்தை! அது ரிம்மில் நிற்காமல் தளர்ந்து தொங்கிற்று. பழைய மாதிரி வண்டியின் 28 x 1½ டயர் 635 மில்லிமீட்டர் ரிம்முக்கு உரியது. நண்பருடைய 700 சி சக்கரமோ 622 மில்லிமீட்டர். இரண்டையும் 28 அங்குலம் என்றே சொல்கிறார்கள்! அந்தப் பதின்மூன்று மில்லிமீட்டர் அவரைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டது.

ஆகவே, செல்லும் வழியிலுள்ள கடைகளில் எந்த டயர் கிடைக்குமோ அந்தச் சக்கரத்தையே தேர்ந்தெடுங்கள். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் மூன்று இலக்க எண்ணைப் பார்க்க மறவாதீர்கள். உயரம் குறைந்தவர்களுக்கு 26 அங்குலம் நலம். சிறிய பிரேமில் பெரிய சக்கரம் இருந்தால், திரும்பும்போது கால்விரலில் தட்டும்.

பிரேமை அளக்க உங்கள் கால்களே போதும். பாரின் இருபுறமும் பாதங்களைத் தரையில் நன்றாக ஊன்றி நில்லுங்கள். பாருக்கு மேல் ஓர் அங்குலமாவது இடைவெளி வேண்டும். பின்சக்கரம் பெடலுக்கு மிக நெருக்கமாக இருந்தால், கேரியரில் தொங்கும் பைகளைக் குதிகால் ஓயாமல் இடிக்கும். எஃகுப் பிரேம் முறிந்தால் ஊர்ப்பட்டறையில் பற்றவைத்தாவது வீடு சேரலாம். அலுமினியத்துக்கு அந்தப் பாக்கியம் எளிதில் வாய்க்காது.

வேகத்தில் நண்பரின் வண்டியே மேல், சந்தேகமில்லை. ஆனால், நம் கிராமத்துத் தொழிலாளி செப்பனிடக்கூடிய வண்டியே நம் தேசத்தைக் காண ஏற்ற வண்டி.

மாலையில் திருவையாற்றுப் படித்துறையில் நண்பர் காத்திருந்தார். காட்சிச்சாலையைப் பற்றி நாம் ஒன்றும் கேட்கவில்லை. அவர்தான் நம் கறுப்பு வண்டியின் புழுதியைத் தம் துண்டால் துடைக்கத் தொடங்கினார்.