வளைந்த கால்

நண்பா, முதல் செமஸ்டர் இன்ஜினியரிங் கிராபிக்ஸ் ஞாபகம் இருக்கா? மினி டிராஃப்டரைத் தூக்கிக்கிட்டு பஸ்ல தொங்கினோமே, அதேதான். எனக்கு அந்தப் பேப்பரில் நல்ல மார்க். அந்தத் திமிரில் செய்த ஒரு காரியத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போன லீவில் பழைய நாற்காலிப் படங்களைத் தேடிப் பார்க்கும் கிறுக்கு எனக்குப் பிடித்தது. இத்தாலியில் 1738-ல் ஹெர்குலேனியத்தையும் 1748-ல் பொம்பெயியையும் தோண்ட ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு ஐரோப்பாவுக்குப் பழைய கிரேக்க, ரோமானிய வடிவங்கள் மேல் ஒரே மோகம். அதைத்தான் நியோகிளாசிக்கல் என்கிறோம். எல்லாத் தச்சரும் இத்தாலிக்குப் போக முடியுமா? அச்சிட்ட படங்கள்தான் அவர்களைத் தேடிப் போயின. லண்டனில் 1788-ல் ஹெப்பிள்வைட்டின் புத்தகம் வந்தது. அவர் இறந்து 2 வருஷம் கழித்து மனைவி வெளியிட்டார். 1791-ல் தாமஸ் ஷெராட்டனின் புத்தகம் வர ஆரம்பித்தது. அவர் நாற்காலியைக் காட்டும் முன்னால் ஜியோமெட்ரியும் பெர்ஸ்பெக்டிவும் பாடம் நடத்துகிறார். நம்ம சிலபஸேதான்! ஆனால் அவர் கையால் செய்தது என்று உறுதியாகச் சொல்ல இன்று ஒரு நாற்காலி கூட இல்லை. படங்கள்தான் மிச்சம்.

என்னை மயக்கியது 1807-ல் தாமஸ் ஹோப் வெளியிட்ட புத்தகம். நிழல் இல்லை, வண்ணம் இல்லை, வெறும் கோடுகள். அந்தக் காலத்தவர்களுக்கு ரொம்பப் பிடித்த கிரேக்க நாற்காலிக்கு 'கிளிஸ்மோஸ்' என்று பெயர். கால்கள் வாள் மாதிரி வெளிப்பக்கம் வளைந்திருக்கும். மரத்தில் செய்த பழைய கிளிஸ்மோஸ் எதுவும் மிஞ்சவில்லை. பானை ஓவியத்திலும் கல் சிற்பத்திலும் இருப்பதைப் பார்த்துத்தான் வரைந்தார்கள். அதாவது, படத்தைப் பார்த்து இன்னொரு படம்.

எங்க அப்பா தச்சு வேலை செய்கிறவர். நான் கிளிஸ்மோஸை கேட்-ல அழகா வரைந்து, அளவு போட்டு, பிரிண்ட் எடுத்து நீட்டினேன். அப்பா காலைத் தடவுவது போல அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார்.

"இந்தக் கால் தாங்குமா தம்பி?"

"எல்லாம் கணக்குப் போட்டாச்சுப்பா."

அதுக்கு மேல் அவர் கேட்கவில்லை. வேற ஒரு வேலைக்கு வைத்திருந்த தேக்குப் பலகையை எடுத்து, 4 நாள் உட்கார்ந்து அறுத்து இழைத்துச் செய்தார். நான்தான் முதலில் உட்கார்ந்தேன். கொஞ்சம் சாய்ந்ததுமே 'சடக்'. பின்னங்கால் வளைவில் ஒடிந்தது.

அப்பா திட்டவில்லை. ஒடிந்த துண்டை என் கையில் கொடுத்து, "நார் குறுக்க ஓடுது பாரு" என்றார். நேர் மரத்தில் வளைவாக அறுத்தால் நார் பாதியிலேயே அறுந்துவிடும். நாரோடு போனால்தான் மரத்துக்குப் பலம். ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் படித்த நான், மரத்தை இரும்பு மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே பலம் என்று நினைத்துக் கணக்குப் போட்டிருந்தேன்.

"முன்னாடியே தெரியுமாப்பா?"

"சந்தேகம் இருந்துச்சு. நீ படிச்சவன், சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

தேக்கு போனதை விட அந்த வார்த்தைதான் இன்னும் வலிக்கிறது.

பிறகு தேடிப் படித்தேன். 1808-லேயே பாஸ்டனில் சாமுவேல் கிராக் என்பவர் மரத்தை அறுக்காமல் வளைத்தே இந்த வடிவத்தில் நாற்காலி செய்து பேட்டன்ட் வாங்கியிருக்கிறார். நார் அறுபடாமல் வளைவோடு கூடவே போகும். அப்பாவிடம் காட்டினேன். "இவன் வேலை தெரிஞ்சவன்" என்றார்.

அடுத்த நாற்காலிக்கு, கீழே போகப் போக ஒல்லியாகும் நேர்க்கால் உள்ள ஹெப்பிள்வைட் படங்களை எடுத்துப் போனேன். இந்த முறை அளவு எதுவும் போடவில்லை. பென்சிலை அப்பா கையில் கொடுத்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

உன் வீட்டிலும் கைவேலை தெரிந்த ஒருத்தர் இருந்தால், அவர் "தாங்குமா?" என்று கேட்கும்போது கொஞ்சம் நின்று பதில் சொல்லு நண்பா.