கண்ணைக் குத்தும் சாமி

என் மகனுக்கு 4 வயது. காலை 7.45-க்குள் அவன் வயிற்றில் ஒரு தோசையாவது இறங்கியாக வேண்டும், 8.15-க்கு எனக்குப் பஸ். அவனோ ஒரு வாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு ஜன்னல் கம்பிகளை எண்ணுவான். கெஞ்சிப் பார்த்து, கதை சொல்லிப் பார்த்து, ஒருநாள் என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது: "சாப்பிடலேன்னா சாமி கண்ணக் குத்திரும்."

கன்னத்தில் இருந்தது சட்டென்று உள்ளே போனது.

என் அம்மா என்னிடம் சொன்ன வசனம்தான். அவருக்கு அவர் அம்மா சொல்லியிருப்பார். காசு செலவில்லை, கத்த வேண்டியதில்லை. அப்புறம் பல் தேய்க்காவிட்டால், பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கிள்ளினால், தூங்காமல் புரண்டால், எல்லாவற்றுக்கும் அதே சாமி, அதே குத்து.

அந்த நாட்களில்தான் அவனுக்குப் பக்தியும் வந்தது. வந்ததாக நினைத்தோம். சாயங்காலம் விளக்கேற்றியதும் என் பக்கத்தில் வந்து நிற்பான். இரண்டு உள்ளங்கையாலும் கண்ணை இறுகப் பொத்திக்கொள்வான். நான் சூடம் காட்டி முடிக்கும்வரை அசைய மாட்டான். "எம்புட்டு பக்தி பாரு, அவுக தாத்தா மாதிரியே" என்று அத்தைக்குப் பூரிப்பு. நான் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எனக்கும் உள்ளுக்குள் கர்வம்தான். வேலைக்குப் போகிறவள் பிள்ளை வளர்க்கும் லட்சணம் பற்றி யாரும் இனி வாய் திறக்க முடியாதல்லவா?

ஒரு தை வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனைப் பள்ளியிலிருந்து நேரே மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். செல்போனை வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனோம். 2018 பிப்ரவரியில் கோயிலுக்குள் தீப்பிடித்ததே, அதற்குப் பிறகு உள்ளே செல்போன் கூடாது என்றாகிவிட்டது. அந்தத் தீயை நினைத்தால் இன்றும் மனசு பதறும். ஆனாலும் வாரத்தில் என் இரண்டு கையும் முழுசாகப் பிள்ளைக்குக் கிடைக்கிற ஒரு மணி நேரம் அங்கேதான் வாய்க்கிறது; அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அம்மன் சன்னதியில் நல்ல கூட்டம். அவனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டேன். தீபாராதனை காட்டினார்கள். "அம்மன் கையில கிளி இருக்கு, பாரு தம்பி" என்றேன். கண்ணைப் பொத்தியிருந்தான். கையை விலக்கப் பார்த்தேன், இன்னும் இறுக்கினான். பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். அவன் என் காதில் வாயை வைத்து மூச்சுக்காற்றாகச் சொன்னான்: "வேணாம்மா. மத்தியானம் தயிர்ச்சோத்தக் கீழ கொட்டிட்டேன்."

வரிசையே எங்களை வெளியே கொண்டுவந்து விட்டது. கையில் வாங்கிய தாழம்பூ குங்குமம் வேர்வையில் கரைந்து கிடந்தது. பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்தேன். அத்தனை சாயங்காலமும் பிள்ளை தன் கண்ணைக் காப்பாற்றிக்கொண்டு நின்றிருக்கிறான். அதைத்தான் நான் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். இவன் வயிற்றில் இருந்தபோது ஐந்தாம் மாதம் உதிரம் பட்டு, பயந்து ஓடி வந்து நான் நின்ற சன்னதி இது. எனக்குத் தெரிந்த மீனாட்சி ஒருத்தி. இவனுக்கு நான் கொடுத்திருந்த சாமி வேறு.

"மீனாட்சின்னா மீன் கண்ணுன்னு அர்த்தம்டா" என்று ஆரம்பித்தேன். மீன் தூங்கும்போதும் கண்ணை மூடாது. முட்டையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பார்க்கிற பார்வையிலேயே குஞ்சு பொரிந்துவிடும். இது எந்த அறிவியல் புத்தகத்திலும் இருக்காது. மதுரையில் வளர்ந்தவர்களுக்கு யாராவது ஓர் அப்பத்தா சொல்லியிருப்பார்.

அவன் குளத்தை எட்டிப் பார்த்தான். "மீன் எங்கம்மா?"

மாட்டிக்கொண்டேன். இந்தக் குளத்தில் மீனே கிடையாது என்பதுதான் புராணம். 64 திருவிளையாடல்களில் நாரைக்கு முத்தி கொடுத்ததும் ஒன்று. பசியோடு வந்த நாரை மீனைப் பிடிக்க நினைத்து, புண்ணிய தீர்த்தமாயிற்றே என்று மனசை அடக்கிக்கொண்டது. இனி வரும் நாரைகளுக்கும் அந்தப் பாவம் வேண்டாம், குளத்தில் மீனே இருக்கக் கூடாது என்று சிவனிடம் வரம் கேட்டது.

"திங்கணும்னு நெனச்சுச்சுல்ல, அதுக்குச் சாமி கண்ணக் குத்துச்சா?"

"இல்லடா. தன்கூடவே கூட்டிட்டுப் போயிருச்சு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னேன்: "சாமி யாரையும் குத்தாது தம்பி. அம்மா பொய் சொல்லிட்டேன்."

"ஏன் பொய் சொன்ன?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சுல்ல."

அவன் என் கண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

சுவாமி சன்னதிப் பிராகாரத்தில் 63 நாயன்மார்களும் வரிசையாக நிற்கிறார்கள். கண்ணப்பர் இருக்கும் இடத்தில் மட்டும் நடையை எட்டிப் போட்டேன். அந்தக் கதை இன்னும் சில வருடம் பொறுக்கட்டும்.

வீட்டில் நான் அந்த வசனத்தை நிறுத்திவிட்டேன். பஸ்ஸை இரண்டு முறை தவறவிட்டேன். அத்தைக்கு மட்டும் வருத்தம்: பேரனுக்குப் பக்தி குறைந்துவிட்டதாம். விளக்கேற்றினால் இப்போதெல்லாம் ஓடி வருவதில்லை. கதவோரம் நின்று பார்க்கிறான். நான் கூப்பிடுவதும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி, தட்டில் இருந்த முட்டைக்கோஸ் பொரியலை ஓரமாக ஒதுக்கிவிட்டு எழுந்தான். யாரும் எதுவும் சொல்லவில்லை. நேரே விளக்குக்கு முன்னால் போய், இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கையை மட்டும் எடுத்தான்.