மேடையில் மட்டும் ராஜா

டத்தோ கிராமாட் பக்கம் போனால், பாடாங் பிரவுனில் சாப்பிட்டதோடு திரும்பிவிடாதீர்கள். அருகில்தான் ஜாலான் பி.ரம்லி. 1929இல் அந்த மாபெரும் கலைஞர் பிறந்த மரவீடு இன்று அருங்காட்சியகம். எவ்வளவு சின்ன வீடு!

'பங்சாவான்' எனும் மலாய் இசை நாடகமும் பினாங்கில் பிறந்ததுதான். இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து, 1880களில் மாமாக் பூஷி இங்கே ஒரு குழுவைத் தொடங்கினார். பங்சாவான் என்றால் பிரபுக்குலம். ஆனால், அரண்மனை தீட்டிய திரைக்கு முன்னால் கிரீடம் வைத்துப் பாடியவர்கள் சாதாரண மக்கள், நம் ராஜபார்ட் நடிகர்களைப் போல. காட்சி மாறும் இடைவெளியிலும் பாட்டு, நடனம் உண்டு. யாருக்கு எழுந்துபோக மனம் வரும்?

விளக்கு அணைந்தால் கிரீடம் கழன்றுவிடும். அதற்குப் பிறகு என்ன? ரம்லியின் படங்கள் அதைத்தான் கேட்டன. 'அந்தாரா டுவா டார்ஜாட்' (1960) படத்தில் எளிய இசைக்கலைஞன் அரச குடும்பத்துப் பெண்ணைக் காதலிக்கிறான். அந்தஸ்து குறுக்கே நிற்கிறது. 'இபு மெர்துவாகு' (1962) படத்திலோ இசைக்கலைஞன் என்றாலே முகம் சுளிக்கும் பணக்கார மாமியார். வானொலியில் ரம்லி பாட்டு ஒலிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாள் முகம்தான் நினைவுக்கு வரும்.

ரம்லிக்கு 'டான் ஸ்ரீ' பட்டம் 1990இல் கிடைத்தது. அப்போது அவர் மறைந்து 17 ஆண்டுகள் ஆகியிருந்தன.