திருடனுக்கும் அதே காவல்காரன்

அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல வெறும் 12 படுக்கையோட ஆரம்பிச்சாங்க. அங்கே மட்டுமில்ல, எந்த ஆஸ்பத்திரி வராண்டாவிலும் காதுல விழற கேள்வி: "பக்கத்து பெட்காரருக்குக் கேட்ட மருந்து எங்களுக்கு ஏன் கேக்கலை?"

உடனே சொந்தக்காரங்க, "பத்தியம் சரியா இருந்திருக்க மாட்டாங்க"ன்னு ஆரம்பிச்சுடுவாங்க. குத்தம் பெரும்பாலும் அங்கே இல்லை மக்களே.

நம்ம கல்லீரல்ல குளூட்டாதயோன் எஸ்-டிரான்ஸ்ஃபரேஸ்னு ஒரு என்சைம். சுருக்கமா ஜிஎஸ்டி (கடைக்காரர் பில்லுல போடறது இல்லீங்க :-)). உள்ளே வர்ற விஷத்து மேல குளூட்டாதயோனை ஒட்டிவிடும். ஒட்டினதை செல்லோட பம்ப் வெளியே தள்ளிடும். புகையிலேர்ந்தும் பூச்சிமருந்துலேர்ந்தும் நம்மைக் காக்கறதுல இதுக்குப் பெரிய பங்கு உண்டு.

சிக்கல் என்னன்னா, கீமோவும் ஒரு விஷம்தான். பல கட்டிகள் இந்த ஜிஎஸ்டியை அளவுக்கு மேல தயாரிச்சு வெச்சுக்கும். குளோராம்புசில் மாதிரி மருந்து வேலையை ஆரம்பிக்கறதுக்குள்ள முடங்கிடும். சைக்ளோபாஸ்பமைடை முடக்கறது ஆல்டிஹைடு டிஹைட்ரஜனேஸ்னு இன்னொண்ணு. எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்களை அந்த மருந்துகிட்டேர்ந்து காப்பாத்தறதும் அதேதான். அதனால மொத்தமா அடக்கவும் முடியாது!

மயிலாப்பூர்ல காலையில வாக்கிங் முடிச்சுட்டு 'டீடாக்ஸ்' ஜூஸ் குடிக்கறவங்க தாராளமா குடிங்க. ஆனா கீமோ நடக்கறப்ப டாக்டர்கிட்ட சொல்லாம எந்த மூலிகையும் வேண்டாம். சிலது கல்லீரல் என்சைம்களோட வேகத்தையே மாத்திடும்.

மருந்து கேக்கலைன்னா நோயாளியை நிக்க வெச்சுக் கேள்வி கேக்காதீங்க, ப்ளீஸ்.